பனிக்கு வந்த மன்றாட்டுகள்

என் அத்தான் ஞானப்பிரகாசம் ஜெர்மனியில் திருகாணி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சரிபார்ப்பவர். பத்தொன்பது வருடங்களாக நாள் முழுக்கத் திருகாணியை எடுத்துப் பார்த்து, நல்லது இந்தப் பக்கம், பழுது அந்தப் பக்கம் என்று போடுகிற வேலை. வீட்டுக்கு வந்தும் அதையேதான் செய்வார். என் அக்கா புஸ்பவதி வைத்த குழம்பு, பக்கத்து வீட்டுக்காரி கட்டிய சேலை, பாதிரியாரின் பிரசங்கம், நான் வாழ்கிற வாழ்க்கை எல்லாவற்றையும் ஒரு தரம் உற்றுப் பார்த்து ஏதாவது ஒரு பக்கம் போட்டுவிடுவார். அவர்கள் வீட்டிலேயே இருக்கிற மக்டலீன் ஆகிய நான் எப்போதும் பழுதுப் பக்கம்தான். எனக்கு அதில் கவலை இல்லை. அந்தப் பக்கத்தில்தான் சிரிக்கத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு யூலை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின் நடுவே அவருடைய ஒரே மகள் டெல்சி, "அப்பா, நான் வடதுருவத்துக்குப் போகப்போறன்" என்றாள்.

அத்தான் நண்டுக்காலை உடைத்துக்கொண்டே, "முதல் சோத்தைச் சாப்பிடு" என்றார்.

டெல்சிக்குப் பத்தொன்பது வயது. அப்போதுதான் பள்ளிப்படிப்பை முடித்திருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு வேதவல்லி என்ற ஆராய்ச்சியாளர் வந்து, வடதுருவக் கடலின் படங்களைக் காட்டிப் பேசிவிட்டுப் போயிருந்தார். அன்றிலிருந்து பிள்ளைக்கு வேறு பேச்சே இல்லை. பழைய மீன்பிடிக் கப்பல் ஒன்றைத் திருத்தி 'நோர்ட்லிச்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஓகஸ்ட் கடைசியில் பிரேமர்ஹாஃபனில் இருந்து புறப்படுகிறது. ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், பனிக்கடலில் நின்று, பனி எவ்வளவு தடிப்பு என்று துளைபோட்டு அளக்கிறார்கள். பனி உருகிய இடத்தில் எண்ணெய் தோண்டக் கூடாது என்று கையெழுத்துச் சேர்த்து, திரும்பி வந்ததும் பேர்லினில் அரசாங்கத்திடம் கொடுக்கப் போகிறார்கள். இளையவர்களுக்கு மூன்று இடம் உண்டு. தங்கள் சனத்திடம் ஆயிரம் கையெழுத்து வாங்கி வருகிறவர்களுக்கு அந்த இடம்.

"கப்பலிலை எத்தினை ஆம்பிளையள்?" என்று அத்தான் கேட்டார்.

"எண்ணேல்லை அப்பா."

"சரியான குளிர். உனக்கு நெஞ்சுச்சளி. சனம் என்ன கதைக்கும்?"

குளிரும் சளியும் சனமும் எல்லாம் சும்மா. உண்மையான காரணம் எங்கள் மூவருக்கும் தெரியும். அத்தான் மன்னாரில் பேசாலைக்காரர். அவருடைய அண்ணன் லூக்காஸ் ஒரு நாள் விடிய வலை ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போனவர், திரும்பி வரவே இல்லை. படகின் பலகை ஒன்றுகூடக் கரைக்கு வரவில்லை. அத்தான் அதற்குப் பிறகு தண்ணீருக்குக் கிட்டப் போனதில்லை. றைன் ஆற்றில் ஓடுகிற உல்லாசப் படகில் எல்லோரும் ஏறி ஐஸ்கிரீம் சாப்பிட்டபோது, இவர் மட்டும் கரையில் நின்று எங்கள் கைப்பைகளைக் காவல் காத்தார். இதையெல்லாம் அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார். நாங்களும் கேட்கமாட்டோம்.

டெல்சி விடவில்லை. அழுதாள், சாப்பிடாமல் இருந்தாள், கதவை அடித்துச் சாத்தினாள். நாலாம் நாள் அத்தானுக்கு ஒரு யோசனை வந்தது. அவர் முகத்தில் சிரிப்பு வந்ததைப் பார்த்ததும் எனக்குப் பகீர் என்றது.

"சரி. ஆயிரம் கையெழுத்துத்தானே? ஆயிரம் தமிழ்ச்சனம் ஐசுக்குக் கையெழுத்து வைக்கட்டும். அண்டைக்கு உன்ர பெட்டியை நானே தூக்கிக்கொண்டு வந்து ரெயினிலை ஏத்தி விடுறன்."

"சத்தியமா?"

"நான் சொன்னால் சொன்னதுதான்."

மனிதர் எங்கள் சனத்தை நன்றாகத்தான் அறிந்து வைத்திருந்தார். டெல்சி மூன்று கிழமை கெல்சென்கிர்ச்சனிலும் எசனிலும் கடை கடையாக, வீடு வீடாக ஏறி இறங்கினாள். நாற்பத்தொரு கையெழுத்துக் கிடைத்தது. அதில் எட்டுப் பேர் அவளுடைய வகுப்பில் படித்தவர்கள். மற்ற வீடுகளில் எல்லாம் தேநீர் கொடுத்தார்கள், வடை கொடுத்தார்கள், பேனையை மட்டும் தொடவில்லை. "இதிலை வைச்சால் விசாவுக்கு ஏதும் பிரச்சினை வருமோ பிள்ளை?" என்றார் ஒருவர். அவர் ஜெர்மன் குடியுரிமை எடுத்து ஆறு வருடம். "பதினைஞ்சு வருசமா இஞ்சை குளிரிலை செத்துக்கொண்டிருக்கிறன். உருகினால் உருகட்டுமே" என்றார் இன்னொருவர். கீழ்வீட்டு ஜோன்சன், "கடைசியா நான் கையெழுத்து வைச்சது கலியாணத்துக்கு. அதோடை விட்டிட்டன்" என்று கையைக் கூப்பிவிட்டான்.

அப்படியிருக்கத்தான் கேவலார் திருவிழா வந்தது. ஒவ்வொரு ஓகஸ்டிலும் ஜெர்மனியில் இருக்கிற தமிழ்ச்சனம் பாதி அந்தச் சின்ன ஊரின் மாதா கோவிலுக்கு வந்து குவியும். கத்தோலிக்கர் மட்டும் இல்லை. திருநீறு பூசிய நெற்றியோடும் வருவார்கள். மாதா யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. ஆயிரம் கையெழுத்துக்கு அதைவிட நல்ல இடம் இல்லை என்று டெல்சிக்குச் சொன்னது நான்தான். அத்தானிடம் அதை நான் சொல்லவில்லை.

கோவில் முற்றத்துக்கு வெளியே ஒரு மரத்தடியில் மடிப்பு மேசை போட்டோம். பின்னால் கப்பல்காரர் அனுப்பிய பெரிய படம், வெள்ளைப் பனியும் நீலக் கடலும். காற்றில் தாள்கள் பறந்தன. பாரத்துக்கு வைக்க வேறு எதுவும் இல்லாததால் அப்போதுதான் வாங்கியிருந்த ஒரு சாண் மாதா சுரூபத்தைத் தாள்களின் மேல் வைத்தேன். இதில் எனக்கு ஒரு கெட்ட எண்ணமும் இருக்கவில்லை. தேவாலயத்தின் வாசலில் நின்று சத்தியம் செய்யவும் தயார்.

முதலில் வந்தது எசன் பேர்பெச்சுவா அக்கா. எழுபது வயது, இரண்டு முழங்காலும் பழுது, குரல் மட்டும் வெண்கலம். நீலமும் வெள்ளையுமாகப் படத்தைப் பார்த்தார். மாதா சுரூபத்தைப் பார்த்தார். பெயர், ஊர், கையெழுத்து, குறிப்பு என்று கோடு போட்ட தாளைப் பார்த்தார். அதன் தலைப்பைச் சுரூபம் மறைத்திருந்தது. செபமாலைக் கூட்டத்தில் வருடக்கணக்காக என்னைக் கண்டவர், வேறொன்றும் கேட்கவில்லை. பேனையை எடுத்துப் பெயர் எழுதி, ஊர் எழுதி, கையெழுத்து வைத்து, கடைசிக் கட்டத்தில் நெடுநேரம் எழுதினார். அவர் சுரூபத்தைத் தொட்டு முத்தமிட்டுவிட்டுப் போன பிறகு எட்டிப் பார்த்தேன்.

'முழங்கால் வலி நீங்கவும், இரண்டாவது மருமகளுக்கு வாய் குறையவும் மன்றாடுகிறேன்.'

எங்கள் கோவில்களில் அது வழக்கம். திருவிழாப் பூசைக்கு முன்னர் வாசலில் ஒருவர் மேசை போட்டு இருப்பார். சனம் பெயரையும் மன்றாட்டையும் எழுதிக் கொடுக்கும், பூசையில் பாதிரியார் வாசிப்பார். அக்கா அந்த மேசை இதுதான் என்று எடுத்துக்கொண்டார்.

அந்த இடத்தில் நான் எழும்பி ஓடிப்போய், "அக்கா, இது மன்றாட்டு இல்லை, ஐஸ்" என்று சொல்லியிருக்கவேண்டும். எழும்பவும் பார்த்தேன். ஆனால் அதற்குள் அக்கா தன் வெண்கலக் குரலில், "மன்றாட்டு எழுதிறாக்கள் இஞ்சாலை வாங்கோ! மக்டலீன் இருக்கிறா!" என்று முற்றம் முழுக்கக் கேட்கக் கூப்பிட்டுவிட்டார். நிமிர்ந்து பார்த்தால் முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். நான் திரும்ப உட்கார்ந்துவிட்டேன்.

வரிசை என்று ஒன்றைக் கண்டால் எங்கள் சனம் முதலில் அதில் நிற்கும், பிறகுதான் எதற்கு என்று முன்னால் நிற்பவரிடம் கேட்கும். காசு வாங்குவதில்லை என்று தெரிந்ததும் வரிசை ஐஸ்கிரீம் வண்டியைத் தாண்டிப் போனது. நான் பேனை கொடுத்தேன், தாள் மாற்றினேன், வாயைத் திறக்கவில்லை. யாராவது கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று அன்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஒருவரும் கேட்கவில்லை.

வேலை கிடைக்க, பிள்ளை கிடைக்க, நாலாம் முறையாவது கார் ஓட்டும் பரீட்சை தேற என்று எழுதினார்கள். ஒரு அம்மா, 'நல்லூர்க் கந்தனுக்கும் சொல்லி இருக்கிறேன், நீங்களும் ஒருக்கால் கவனிக்கவும்' என்று எழுதினார். ஒருவர் மேலதிகாரிக்கு இடமாற்றம் கேட்டிருந்தார். ஒரு மனிதர் மட்டும், 'வன்னியில் சண்டைக்குள் இருக்கும் தம்பி உயிரோடு இருக்க' என்று எழுதிவிட்டு, பேனையைத் திருப்பித் தராமல் அப்படியே நின்றார். அந்த ஒருவரிடமாவது சொல்லியிருக்கலாம். அவர் போன பிறகு எனக்கு அழுகை வந்தது, ஆனாலும் அடுத்தவருக்குப் பேனையை நீட்டினேன்.

டெல்சி இன்னொரு அட்டையில் தாள் வைத்துக்கொண்டு பேருந்துத் தரிப்பிடத்தில் நின்றாள். நடுவில் ஓடிவந்து என் தாள்களைப் பார்த்தவள் வாயைப் பிளந்தாள். எட்டு வயதிலேயே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை விட்டவள். எழுத்துகள் அரைகுறையாகத் தெரியும். கையால் எழுதியதை வாசிக்க ஏலாது.

"சித்தி! எல்லாரும் குறிப்பும் எழுதியிருக்கினம்! இவ்வளவு நீளமா!"

"ஓம் பிள்ளை" என்றேன். "சனத்துக்குப் பனியிலை இவ்வளவு பற்று எண்டு நானும் நினைக்கேல்லை."

மாலை நாலு மணிக்குக் காற்று அந்தப் படத்தைப் பிடுங்கி மேசைக்கு அடியில் போட்டது. எடுத்துக் கட்ட எனக்கு நேரம் இல்லை. அந்த நேரம் பார்த்து அத்தான் வரிசையில் வந்து நின்றார்.

"டெல்சியோடை சேர்ந்து ஐசுக்குத் திரியாமல், இப்பதான் ஒரு உருப்படியான வேலை செய்யிறாய்" என்றார். அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. பிறகு கைமறைவில் எதையோ எழுதி, கையெழுத்து வைத்து, மாதாவை வணங்கிவிட்டுப் போனார். எழுதியதைப் பார்க்க எனக்கு ஆசைதான். ஆனால் அடுத்தவர் தாளைப் பிரட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்து டெல்சி எண்ணினாள். ஆயிரத்து நூற்று முப்பத்தேழு. சமையலறையில் நின்று துள்ளினாள். அக்கா புஸ்பவதி சிலுவை போட்டுக்கொண்டாள். அத்தான் எங்களை மாறி மாறிப் பார்த்தார். நிலவறைக்குப் போய்ப் பெரிய பெட்டியைத் தூக்கிவந்து, அதன் சில்லுகளைச் சுற்றிப் பார்த்து, ஒரு சில்லுக்கு எண்ணெய் விட்டார். சொன்னால் சொன்னதுதான் என்கிற ஆள். அன்றிரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை, ஆனால் என் காரணம் வேறு.

செவ்வாய்க்கிழமை கையெழுத்துத் தாள்களை வாங்க வேதவல்லி வந்தார். ஸ்ரீரங்கத்துப் பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், உயரமான சப்பாத்து, தோளில் பெரிய பை. கொலோன் நகரில் ஒரு கூட்டம் முடித்துவிட்டுப் பிரேமர்ஹாஃபனுக்குத் திரும்புகிற வழியில் இறங்கியிருந்தார். ஜெர்மனி முழுக்க அந்தக் கப்பல்காரர்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள். அதை நான் யோசித்தே பார்க்கவில்லை.

"ஆயிரத்து நூத்து முப்பத்தேழா! சூப்பர் டெல்சி!" என்று மேசையில் தாள்களை விரித்தார். "ரிமார்க்ஸ்கூட தமிழ்லயே எழுதியிருக்காங்க. ஸோ ஸ்வீட்." வாசிக்கத் தொடங்கினார். புருவம் மேலே போனது. "ஒரு நிமிஷம். ஐசுக்கும் முழங்காலுக்கும் என்ன கனெக்‌ஷன்?"

"என்ன முழங்கால்?" என்றாள் டெல்சி.

"மருமகளுக்கு வாய் குறையணுமாம். இங்க டிரைவிங் டெஸ்ட். இது... நல்லூர் முருகனா?"

நான் தேநீர்க் கோப்பையின் அடியை ஆராய்ந்துகொண்டிருந்தேன். எல்லோரும் என்னைப் பார்ப்பது தெரிந்தது. அத்தான் தாள்களை இழுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டார். நாலு வரி வாசித்ததும் தலையைப் பின்னால் போட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"இது மன்றாட்டு! எல்லாம் மன்றாட்டு! மக்டலீன், நீ ஒரு ஆள்தான்!"

அவர் தாள் தாளாகப் பிரட்டினார், ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துப் பழுதுப் பக்கம் போட்டார். போகப் போகச் சிரிப்புக் குறைந்தது. வன்னித் தம்பியின் வரிக்கு வந்தபோது நின்றுவிட்டது. இன்னும் சில தாள் தாண்டி ஒரு தாளை எடுத்தார், எடுத்த கையோடு கவிழ்த்து வைத்தார். அதில் அவருடைய கையெழுத்தைக் கண்டுவிட்டேன். அதற்கு மேல் பார்க்க விடவில்லை.

"தாங்கள் என்னத்திலை கையெழுத்து வைக்கிறம் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இது செல்லாது" என்றார்.

டெல்சி கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சித்தி, உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும் பிள்ளை."

"நான் பாக்கிறவைக்கெல்லாம் சொல்லித் திரிஞ்சன், எங்கட ஆக்கள் பனியைப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கினம் எண்டு. என்னை மோட்டுப்பிள்ளை ஆக்கிப்போட்டியள்."

பத்தொன்பது வருடத்தில் அவள் என்னிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. உனக்காகத்தான் செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன், அது எனக்கே பிடிக்கவில்லை.

வேதவல்லி தாள்களை அடுக்கினார். "டெல்சி, அங்க நாம என்ன பண்ணுவோம்னு உனக்குச் சொன்னேன் இல்ல? ஐஸ்ல துளை போட்டு டேப்பை விடுவோம். முன்னாடி என் ப்ரொஃபசர் அளந்தப்ப ஆள் உயரத்துக்கு மேல இருந்த இடத்துல போன வருஷம் எனக்கு இடுப்பு வரைக்கும்தான் வந்தது. மனசு வலிக்குதுன்னு ஒரு சென்டிமீட்டர் கூட்டியோ குறைச்சோ எழுத மாட்டோம். என்ன இருக்கோ அதான். கையெழுத்தும் அப்படித்தான். சண்டே ஈவ்னிங் ஆறு மணிக்கு நான் லிஸ்ட்டை மூடணும். அதுவரைக்கும் டைம் இருக்கு. ஒவ்வொருத்தரையும் போய்க் கேளு. சரின்னா டிக். இல்லன்னா அடிச்சிடு."

"ஆயிரத்துக்குக் குறைஞ்சால்?" என்று அத்தான் கேட்டார்.

"குறைஞ்சா வேற யாராவது போவாங்க, அங்கிள்."

அவர் போனதும் டெல்சி நிலவறைக்குப் போனாள். தன் மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைத் தேடி எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். என்னிடம் உதவி கேட்கவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் கதவுக்குள்ளிருந்து எழுத்துக் கூட்டுகிற சத்தம் கேட்டது. 'மு... ழங்... கால்' என்று பேர்பெச்சுவா அக்காவின் மன்றாட்டைத்தான் முதலில் வாசித்தாள். நான் கதவுக்கு வெளியே தேநீரை வைத்துவிட்டு வந்தேன். எடுத்துக் குடித்தாள், பேசவில்லை.

ஊர்ச்சனத்தைப் பிடிப்பது என் பொறுப்பு. தொலைபேசியைக் காதில் வைத்தபடிதான் சமைத்தேன், துணி தோய்த்தேன். நானே செய்ததை நானே ஒவ்வொருவருக்கும் ஒப்புக்கொள்வது பாவசங்கீர்த்தனத்தைவிடக் கொடுமை. பாதிரியாராவது குறுக்கே சிரிக்கமாட்டார். சனிக்கிழமை எசனில் ஒரு சாமத்தியவீடு, பெண்பிள்ளைக்குப் பூப்புனித விழா, இருந்தது. அறுநூறு பேர் வருகிற மண்டபம். வீட்டுக்காரர் எனக்குத் தெரிந்தவர். கேக் வெட்டுவதற்கும் சாப்பாட்டுக்கும் இடையில் பத்து நிமிடம் கேட்டு வாங்கினேன்.

டெல்சி மேடையில் ஏறி ஒலிவாங்கியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

"வணக்கம். கேவலாரிலை நீங்கள் கையெழுத்து வைச்சது மன்றாட்டு லிஸ்ட் இல்லை. அது வடதுருவத்துப் பனிக்கு. பிழை எங்கடை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

முன்வரிசையிலிருந்து வெண்கலக் குரல் எழுந்தது.

"அப்ப என்ர முழங்கால் எங்கை போச்சு?"

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. டெல்சியும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு அவளுக்குப் பயம் போய்விட்டது. பனி ஏன் உருகுகிறது, வெள்ளை குறையக் குறையக் கடல் எப்படிச் சூட்டை இழுத்துக்கொள்கிறது, அங்கே எண்ணெய் தோண்டினால் என்ன ஆகும் என்று தன் உடைந்த தமிழில் சொன்னாள். பின்னால் இருந்து பீலிக்ஸ் எழும்பினார். எசனில் மீன்கடை வைத்திருப்பவர். "அது உருகினால் கடல் ஏறி எங்கட மன்னார் தாழுமோ?" என்று கேட்டார்.

ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் மண்டபமே கையெழுத்து வைத்திருக்கும். நானென்றால் சொல்லியிருப்பேன்.

"இல்லை அண்ணை" என்றாள் டெல்சி. "இந்தப் பனி கடலிலை மிதக்கிற பனி. உருகினாலும் கடல் அவ்வளவாக ஏறாது. தரையிலை இருக்கிற பனி உருகினால்தான் ஏறும். அது வேறை. இதாலை பூமி கூடச் சூடாகும், அதுதான் கரைச்சல். நான் தெரியாததைச் சொல்லமாட்டன்."

"மேடையிலை நிண்டு இல்லை எண்டு சொன்ன முதல் ஆள் நீதான். என்ர பேருக்குச் சரி போடு" என்று சொல்லிவிட்டுப் பீலிக்ஸ் உட்கார்ந்தார்.

ஆனால் சனத்தின் கவலை பனியைப் பற்றி அல்ல. தங்கள் மன்றாட்டு வாசிக்கப்படாமல் கிடக்கிறதே என்பதுதான் பெரிய குறை. அதற்கும் பேர்பெச்சுவா அக்காவே தீர்ப்புச் சொன்னார். "உன்ர கப்பல் எங்கை போகுது? வடக்கை. படத்திலை வடக்கு எண்டால் மேலைதானே? மேலை போறனி, எங்கட மன்றாட்டையும் கொண்டுபோய் அங்கை நிண்டு வாசி. கிட்ட நிண்டு சொன்னால் கெதியாக் கேக்கும். வேறை ஆரும் இல்லை, நீதான் வாசிக்கவேணும்."

"வாசிக்கிறன் அக்கா. இப்ப எனக்கு வாசிக்கத் தெரியும்."

மறுபடி வரிசை. இந்த முறை டெல்சி ஒவ்வொருவரின் வரியையும் அவர்களுக்கே வாசித்துக் காட்டி, பனிக்குச் சம்மதமா என்று கேட்டுச் சரி போட்டாள். வன்னித் தம்பியின் அண்ணன், "என்ர வரியை முதல் வாசி பிள்ளை" என்று மட்டும் சொன்னார். பத்துப் பதினைந்து பேர் வெட்டச் சொன்னார்கள். இரண்டாவது மருமகள் தன் பெயரை வெட்டச் சொல்லவில்லை, மாமியாரின் மன்றாட்டைத்தான் வெட்டச் சொன்னாள். ஞாயிறு காலைப் பூசை, மதியம் தொலைபேசி, நடுவில் இரண்டு வீடு. ஆளைப் பிடிக்க முடியாத பெயர்களையெல்லாம் டெல்சியே கோடு போட்டு வெட்டினாள். எனக்காக ஒன்றைக்கூட வெட்டாமல் விடவில்லை.

ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்குச் சமையலறையில் எண்ணினோம். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு. நான் சொல்லுகிற கதையை நம்பமாட்டீர்கள் என்று தெரியும். நானே நம்பாமல் மூன்று தரம் எண்ணினேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆயிரம் பேருக்குப் பேனை நீட்டிய நான் என் பெயரை எழுதவில்லை. உடனே எழுதிக் கையெழுத்து வைத்தேன். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு. அக்கா புஸ்பவதி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அத்தானுக்குப் பயந்து இவ்வளவு நாளும் தாளைத் தொடாதவள், இப்போது அவர் கண்ணெதிரேயே மேசையில் குனிந்து நிதானமாகக் கையெழுத்து வைத்தாள். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.

"நில்லுங்கோ, நான் கீழை போய் ஜோன்சனைக் கழுத்திலை பிடிச்சு இழுத்துக்கொண்டு வாறன்" என்று எழும்பினேன்.

"வேண்டாம் சித்தி" என்றாள் டெல்சி. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை. "இந்த லிஸ்டிலை இன்னும் ஒராளைக் கேக்கேல்லை. எல்லாரையும் கேட்டிட்டு அவரை மட்டும் விட ஏலாது."

அத்தான் சன்னலோரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். டெல்சி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போனாள். விரலை வரியில் வைத்து வாசிக்கத் தொடங்கினாள்.

"என் ம... கள் டெல்சி கப்பலில்... போகாத... படி த... டுத்தருளும் தாயே. ஆலக்கடல்..."

"ஆழ" என்றார் அத்தான், திரும்பாமலே. "நாக்கை மடிச்சுச் சொல்லு."

"ஆழக்கடல் ஏற்கெனவே எங்கள் வீட்டில் ஒருவரை எடுத்துவிட்டது."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்தினாள். எனக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நிறுத்திக்கொண்டேன். மனிதர் மகளைத் தடுக்கச் சொல்லி மாதாவிடம் மன்றாடி, அதே கையால் அவளை அனுப்புகிற தாளில் கையெழுத்து வைத்திருக்கிறார்.

டெல்சி எல்லோரிடமும் கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள். "அப்பா, இது உங்கட கையெழுத்து. நீங்கள் வைச்சது பனிக்கு. சம்மதமோ, வெட்டட்டோ?"

அவர் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், தொழிற்சாலையில் திருகாணியைப் பார்ப்பது மாதிரியே.

"எழுத்துக் கூட்டி வாசிக்கிறாய்" என்றார்.

"ஓம் அப்பா."

"ஆயிரம் பேற்றையும் வாசிச்சனியோ?"

"ஓம். உங்கடையைக் கடைசியா."

"பேனையைத் தா."

அவர் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். ரூலரை எடுத்து வைத்து நேராக ஒரு கோடு இழுத்தார். கையெழுத்தில் இல்லை. மன்றாட்டின் மேல். எழுத்து ஒன்றும் தெரியாதபடி இன்னொரு தரம் இழுத்தார். பிறகு அந்தக் கோட்டுக்குக் கீழே மிச்சமிருந்த ஒடுங்கிய இடத்தில் இரண்டே சொல் எழுதித் தாளை மகளிடம் நீட்டினார்.

"பத்திரமாகத் திரும்பிவர" என்று டெல்சி ஒரு எழுத்தும் கூட்டாமல் வாசித்தாள்.

"கையெழுத்து இருக்கட்டும்" என்றார் அத்தான். "இதை மேலை போய் வாசி. எல்லாற்றையும் விடச் சத்தமா வாசி."